அடுப்படிப் புகையும் தாய்மாரின் நுரையீரலும்



மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பதுதான். ஆண்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டு "உண்டு" என்பார்கள். கிராமத்திலிருந்து வரும் வயதான தாய்மார்களோ இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபமும் வரும். "ஐயையோ, அதைக் கையால கூடத் தொட்டதில்லைங்க டாக்டரம்மா" என்பார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆனாலும் குழாயில் ஊதச் சொல்லி அவர்களுடைய மூச்சின் வேகத்தை அளந்து பார்த்தால், பல வருடங்கள் பீடி குடித்தவர்களுக்கு வருகிற அதே மூச்சடைப்பு வியாதி இவர்களில் பலருக்கும் இருக்கக் காண்கிறோம்.

இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "பாட்டி, எத்தனை வருஷமா விறகடுப்புல சமைக்கிறீங்க?"

காற்று மாசு என்றதும் ஆலைப் புகைபோக்கியும் லாரிப் புகையும் டெல்லி மாநகரமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கெடுதல் செய்வது உண்மையே. ஆனால் ஏழைக் குடும்பங்களில் மிகவும் மாசுபட்ட காற்று பெரும்பாலும் வீட்டின் அடுப்படியில்தான் இருக்கிறது. அந்தப் புகை உடலை எப்படிக் கெடுக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் எளிமையாக விளக்க விரும்புகிறோம்.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீராவியும் மட்டுமே வெளிவரும். ஆனால் மூன்று கல் வைத்த அடுப்பிலோ, சாதாரண மண் அடுப்பிலோ விறகு ஒருபோதும் முழுமையாக எரிவதில்லை. ஈரச் சுள்ளி, வரட்டி, தென்னைமட்டை, சோளத்தட்டை, பருத்திமார், சீமைக்கருவேல முள் என்று கிடைத்ததெல்லாம் அடுப்புக்குள் போகிறது. இவை அரைகுறையாக எரியும்போது நுண்ணிய கரித்துகள்களும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும், பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற இரசாயனங்களும் உண்டாகின்றன. இவற்றில் பல சிகரெட் புகையிலும் இருப்பவையே.

மிகவும் ஆபத்தானவை நம் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களைத்தான் 'பி.எம். 2.5' என்று செய்தித்தாள்களில் குறிப்பிடுகிறார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்தது. இந்தியா 2009-இல் வகுத்த அளவு 40 மைக்ரோகிராம். காற்றோட்டமில்லாத வீடுகளில் புகை சூழும்போது, ஏற்கத்தக்க அளவைப்போல் 100 மடங்கு வரையிலும் துகள்கள் சேரக்கூடும் என்று அதே நிறுவனம் கூறுகிறது.

அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் 1981-இல் குஜராத் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்கள் உள்ளிழுக்கும் காற்றைச் சிறு கருவிகளால் அளந்தார். அதுமுதல் 2020-இல் தாம் மறையும்வரை இந்தப் புகையைப் பற்றியே அவர் எழுதியும் பேசியும் வந்தார். விறகடுப்பு ஒன்று ஒரு மணி நேரத்தில் வெளியிடும் புகை, ஏறக்குறைய 400 சிகரெட்டுகள் வெளியிடும் புகைக்குச் சமம் என்று அவர் கணக்கிட்டுக் கூறினார். அவ்வளவு புகையும் சமைக்கிறவருடைய மார்புக்குள் போய்விடுவதில்லை. ஆனால் அந்தப் புகைக்கு நடுவில் ஊதுகுழலோடு குனிந்து உட்கார்ந்திருப்பது அவர்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை மூச்சு விடுகிறோம். உள்ளே வரும் காற்றைச் சுத்தம் செய்ய நம் சரீரத்தில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. பெரிய தூசிகளை மூக்கிலுள்ள முடி தடுத்துவிடுகிறது. அதைத் தாண்டியவை மூச்சுக்குழாய்களிலுள்ள கோழையில் ஒட்டிக்கொள்கின்றன. அங்குள்ள நுண்மயிர்கள் துடைப்பம் போல அசைந்து, அந்தக் கோழையை மேலே தள்ளுகின்றன. அதைத்தான் நாம் இருமித் துப்புகிறோம்.

தினமும் புகை பட்டால் இந்த நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. கோழை உள்ளேயே தேங்குகிறது. கிருமிகளுக்கு அது நல்ல இடமாகிவிடுகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டு, தடித்து, வழி குறுகிப்போகிறது. மிகச் சிறிய துகள்களோ இந்தக் காவல்களையெல்லாம் கடந்து, நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்றுப்பைகளையே அடைந்துவிடுகின்றன. இத்தகைய பைகள் நமக்கு 30 கோடிக்கு மேல் உண்டு. இரத்தம் ஆக்ஸிஜனைப் பெற்றுக்கொள்வது இங்கேதான். இவை கெட்டால் திரும்ப வளர்வதில்லை.

தீங்கு நுரையீரலோடு நிற்பதுமில்லை. நுரையீரலில் உண்டாகும் அழற்சியின் விளைவு இரத்தத்தின் வழியாக உடலெங்கும் பரவுகிறது. மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதி இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. இதனால் இரத்தநாளங்கள் இறுகுகின்றன; இரத்தம் எளிதில் உறைகிறது; மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. கார்பன் மோனாக்சைடு வேறு விதமாகக் கெடுக்கிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுதலோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் ஆக்ஸிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. சமைத்து முடித்தபின் பல பெண்களுக்கு வரும் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம்.

லண்டன் கண்டுகொண்டது, நாம் காணாதது

புகை ஆளைக் கொல்லும் என்பதை உலகம் நன்றாக உணர்ந்தது 1952 டிசம்பரில். 5-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரை லண்டன் நகரத்தைக் கரிப்புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடிக்கொண்டன. வீடுகளின் கணப்புகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரியே காரணம். சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். அடுத்த வாரங்களில் நிகழ்ந்த மரணங்களையும் சேர்த்தால் 12,000 வரை இருக்கும் என்று பிற்கால ஆய்வு கூறுகிறது. 1956-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஐந்தே நாட்களில் அத்தனை பேர் இறந்ததால் எல்லாரும் திடுக்கிட்டு விழித்தார்கள். அடுப்படிப் புகை அப்படிச் செய்வதில்லை. அது முப்பது, நாற்பது வருடம் எடுத்துக்கொள்கிறது. முதலில் இருமல், பிறகு சளி, பிறகு குடத்தைத் தூக்கினால் இளைப்பு, கடைசியில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று படிப்படியாக வருகிறது. வீட்டாரோ, "வயசாயிட்டுது, அதான் இளைக்குது" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாயும் அதையே நம்பிவிடுகிறார்.

இதைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணராகப் புகழ்பெற்றவர். 2020-இல் தமது 103-ஆம் வயதில் காலமானார். டெல்லியில் நுரையீரல் கெட்டு அதனால் இதயமும் பலவீனப்பட்ட 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959-இல் ஒரு கட்டுரையை அவர் தமது சக மருத்துவரோடு வெளியிட்டார். புகைபிடிக்காத பெண்களும் இந்த வியாதிக்கு உள்ளாவதற்குச் சமையல் புகை காரணமாயிருக்கலாம் என்பது அவருடைய ஆய்வுகளிலிருந்து எழுந்த கருத்து. கெட்டுப்போன நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் மிகவும் பிரயாசப்பட வேண்டியிருக்கிறது. நாளடைவில் அது வீங்கித் தளர்ந்துவிடுகிறது. வயதான தாய்மார்களின் கால்வீக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

யார் யாருக்கு ஆபத்து?

சமைக்கிறவருக்கு அடுத்தபடியாக, அவருடைய இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. புகை சூழ்ந்த வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம்.

கருவிலிருக்கும் சிசுவும் தப்புவதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணித் தாய்மார்களை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் கூடுவதும் தெரியவந்தது. நாலு கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விறகடுப்பு வீட்டில் 10 மைக்ரோகிராம் என்பதும் ஒரு சிறிய அளவே.

உலக அளவில், வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இறந்தவர்களில் நூற்றுக்கு 32 பேர் இதயநோயாலும், 23 பேர் பக்கவாதத்தாலும், 21 பேர் நிமோனியா போன்ற நோய்களாலும், 19 பேர் நாள்பட்ட மூச்சடைப்பு வியாதியாலும், 6 பேர் நுரையீரல் புற்றுநோயாலும் மாண்டவர்கள். இவையல்லாமல், கண்புரைக்கும் இந்தப் புகைக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

காஸ் அடுப்புத்தான் வந்துவிட்டதே?

இந்தக் கேள்வி நியாயமானது. மத்திய அரசு 2016-இல் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி, 10 கோடிக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் இணைப்புக் கொடுத்திருக்கிறது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் புகையில்லா எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 59 வீடுகள். இது நன்றியோடு ஏற்க வேண்டிய மாற்றம்.

ஆனால் அடுப்பு வீட்டில் இருப்பது வேறு, அதில் தினமும் சமைப்பது வேறு. கூலிவேலை இல்லாத மாதத்தில் சிலிண்டர் தீர்ந்தால், மறு சிலிண்டர் வாங்கப் பணமிருக்காது. சுள்ளியோ காசில்லாமல் கிடைக்கிறது. பல வீடுகளில் டீ போடவும் விருந்தாளி வந்தால் சமைக்கவும் காஸ். சோறு வடிக்க, வெந்நீர் வைக்க, மாட்டுக்குத் தீவனம் காய்ச்ச விறகு என்பதே நடைமுறை. அதனால்தான் "காஸ் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "நேற்று எதில் சமைத்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் உள்ளபடியே சொல்லவேண்டும். அடுப்பை மாற்றியவுடன் எல்லா வியாதியும் நீங்கிவிடும் என்று எண்ணக் கூடாது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணித் தாய்மார்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் 18 மாதத்துக்குக் காஸும் இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பழையபடி சமைத்தார்கள். காஸ் பெற்ற தாய்மார்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 71 மைக்ரோகிராமுக்குப் பதில் 24 ஆக இருந்தது. ஆனாலும் குழந்தைகளின் பிறப்பு எடையில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2022-லும், கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று 2024-லும் முடிவுகள் வந்தன.

அப்படியானால் பிரயோஜனமில்லையா? உண்டு. சீனாவில் யுன்னான் மாகாணத்தைச் சேர்ந்த ஷுவான்வெய் பகுதியில் மக்கள் புகைபோக்கியில்லாத அடுப்புகளில் நிலக்கரி எரித்தார்கள். புகைபிடிக்காத பெண்களுக்கும் அங்கே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக வந்தது. பிறகு பல வீடுகளில் புகைபோக்கி வைத்தார்கள். அப்படி மாற்றிய வீட்டாரைப் பல வருடங்கள் கவனித்ததில், நுரையீரல் புற்றுநோய் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. நாள்பட்ட மூச்சடைப்பு வியாதியும் குறைந்தது. ஆனால் அந்தப் பலன் தெளிவாகத் தெரியப் பத்து வருடம் ஆனது. மெதுவாகக் கெட்ட உடல் மெதுவாகத்தான் பலன் காணும். இன்றைக்கு அடுப்பை மாற்றுகிற இளந்தாய் தமது ஐம்பதாவது வயதில் மூச்சுத்திணறாமல் நடப்பார் என்பதே நமது எதிர்பார்ப்பு.

வியாதி வந்தவர்களுக்கு

மூச்சுக்குழாய் ஒருமுறை நிரந்தரமாகக் குறுகிவிட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. ஆனால் இளைப்பைக் குறைக்கவும், நோய் முற்றாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் குறைந்த அளவே போதும். அதைப் போட்டால் பழக்கமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். மூச்சுப் பயிற்சியும், மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகளும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடியும் புகைக்குள் போகாதிருக்க வேண்டும். மருந்தைக் கொடுத்து, அதே அடுப்படிக்கு அனுப்பிவிட்டால் நோயாளி சில வாரங்களில் திரும்ப வருவார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், "எல்லாம் புகையாலதான்" என்று விட்டுவிடக் கூடாது. காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டிலும் ஆலயத்திலும் நாம் செய்யக்கூடியவை

1. விறகில்தான் சமைக்க வேண்டுமென்றால், இயன்றவரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் சமைப்பது நல்லது. உள்ளே சமைத்தால் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். புகைபோக்கி கூரைக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். அதில் படியும் கரியை அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்யவேண்டும்.

2. விறகை நன்றாகக் காயவைத்து, சிறு துண்டுகளாகப் பிளந்து எரித்தால் புகை குறையும். பற்றவைக்கப் பாலிதீன் பை, பழைய டயர், ரப்பர் செருப்பு ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

3. அரிசியையும் பருப்பையும் முன்னதாக ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும்.

4. சமைக்கும்போது தொட்டிலும் குழந்தையும் அடுப்படியில் வேண்டாம். மாமியாரோ மூத்த பிள்ளையோ அந்த நேரம் குழந்தையை வெளியே வைத்திருக்கலாம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மற்றவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்வது பெரிய உதவி.

5. பூட்டிய அறைக்குள் கரியடுப்பு வைத்துக் குளிர்காயக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் இப்படித் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திராத சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

6. பட்டணத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் ஒரு ஆய்வு காட்டியது. குழந்தைகள் தூங்கும் அறையில் கொசுவலையே சிறந்தது.

7. ஆலய வளாகத்தில் கூட்டிய சருகையும் குப்பையையும் எரிக்கும் வழக்கத்தை நிறுத்தி, ஒரு குழி வெட்டி உரமாக்கலாம். அசனத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் பெரிய அடுப்புகளில் சமைப்பவர்களை மணிக்கணக்கில் புகையில் நிற்கவிடாமல், ஆள் மாற்றி நிற்க ஏற்பாடு செய்யலாம்.

8. நம் வீட்டில் வேலை செய்கிற அம்மாவின் வீட்டிலோ, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நம்மோடு உட்காருகிற சகோதரியின் வீட்டிலோ சிலிண்டர் காலியாகக் கிடக்கலாம். வெளியே சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள். அந்த மாதத்துச் சிலிண்டர் ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவைப் பின்னால் மிச்சப்படுத்தக்கூடும்.

உங்கள் தாயோ, மாமியாரோ, அத்தையோ சில வருடங்களாக மாடிப்படி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறார்களா? வயதின் மேல் பழியைப் போடாமல், அவர்கள் இளவயதில் எந்த அடுப்பில், எத்தனை பேருக்கு, எத்தனை வருடம் சமைத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். பிறகு அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அந்த விவரத்தையும் மருத்துவரிடம் சொல்லி, மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.